மூணாவது தட்டு

செவ்வாய் கிரகத்துக்குப் போன அந்தப் பொண்ணு ராகு காலத்துலதான் கெளம்பினா. எங்களுக்கு அதுலயே மனசு கேக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்க பக்கத்துல இருக்கற பாகூருக்குக்கூட வண்டி கட்ட மாட்டோம். அவ அண்ணனும், அவங்க ரெண்டு பேருக்கும் பாடம் சொன்ன வாத்தியாரும் படிச்சவங்களாச்சே, அவ்ளோ தூரம் போறவங்க ஒரு பஞ்சாங்கத்தைப் பொரட்டிப் பாக்கக் கூடாதா? நான் இதைச் சொன்னதும் ரேடியோவைச் சுத்தி உக்காந்திருந்த அத்தனை பொம்பளைங்களும் தலையை ஆட்டினாங்க.

ஆமா, ரேடியோ நாடகம்தான். மெட்ராஸ்லேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் வரும். பெரிய சண்டை முடிஞ்ச சமயம் அது. நான் செலியமேட்டுல வாழ்க்கைப்பட்டு மூணு வருஷம் ஆயிருந்துது. ஊருக்கே ஒரு ரேடியோதான், அது சொல்தா வூட்டுல இருந்துது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட வந்தவங்களை எங்க பக்கம் சொல்தான்னு சொல்லுவோம். அவர் சைகோன்லயே பாதி வயசைக் கழிச்சவர். ரேடியோ வாங்கினது அவர் பிரெஞ்சு சேதி கேக்கறதுக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு அந்தப் பொட்டி அவர் சம்சாரத்தோடது. நாங்க சொல்தாக்கான்னு கூப்புடுவோம். அக்கா ஒரு பார்வை பார்த்தா சொல்தா செருப்பை மாட்டிக்கினு தோட்டத்துப் பக்கம் போயிடுவார்.

கதை இதுதான். ஒரு வாத்தியாரு ஆகாசத்துல போற வண்டி ஒண்ணு செஞ்சாரு. அதுல அவரும், அவர்கிட்ட படிச்ச ஒரு அண்ணனும் தங்கச்சியும் செவ்வாய்க்குப் போறாங்க. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகலைன்னு மொத வாரமே சொல்லிட்டாங்க. உடனே எங்க கூட்டத்துல ஒருத்தி, "தோசம் கழிக்க எல்லாரும் கோயிலுக்குப் போவாங்க, இவ நேரா செவ்வாய்க்கே போயி கேக்கப் போறாடி"ன்னா. சிரிச்ச சிரிப்புல அந்த வாரம் பாதிக் கதை காதுலயே வுழல. சொல்தாக்கா கரண்டியை எடுத்துக்கினு வந்துட்டாங்க எங்களை அடிக்க.

சிரிப்பெல்லாம் ரெண்டாவது வாரத்தோட போச்சு. செவ்வாய்ல காத்து கெடையாதாம். வெளிய எறங்கினா கத்தினாலும் உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்காதாம். அதனால யாரு எறங்கினாலும் திரும்பி வந்து வண்டியோட தகரத்துல மூணு தட்டு தட்டணும். டொக், டொக், டொக். மூணு கேட்டாத்தான் உள்ள இருக்கறவங்க கதவைத் தொறப்பாங்க. எப்பவும் அந்தத் தங்கச்சிதான் எறங்குவா. அண்ணன்காரன் உள்ள உக்காந்துக்கினு "ஜாக்கிரதை, ஜாக்கிரதை"ன்னு சொல்லுவான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கண்டது எங்க, கேட்டாலே ஆகாது.

அந்த மூணு தட்டு இருக்கே, அதை எப்படிச் செஞ்சாங்களோ தெரியாது. அவ விரலை மடக்கித் தட்டற மாதிரியே இருக்கும். மொத தட்டு கேட்டதும் எங்க பன்னெண்டு பேருக்கும் மூச்சு நிக்கும். ரெண்டாவது வரும். மூணாவதுக்குக் கொஞ்சம் காக்க வெப்பாங்க பாரு, பாவிங்க! அது வந்ததும் "அப்பாடா"ன்னு ஒரு சத்தம் எங்களுக்குள்ள எழும்பும், தோட்டத்துல இருக்கற சொல்தாவுக்கே கேக்கும். ஊருக்குள்ள எங்க பாஷையே அதுன்னு ஆச்சு. கொல்லைக் கதவை யாராவது மூணு தட்டு தட்டினா நம்ம கூட்டத்து ஆளுன்னு அர்த்தம்.

இதுல ஒரே ஒரு கோளாறு. ஒவ்வொரு வாரமும் கதையை ஆபத்தான எடத்துலயே நிறுத்திட்டாங்க. வண்டியில தீப்பிடிச்சுக்கிச்சு, பாட்டு போட்டு முடிச்சுட்டாங்க. அவ குழியில வுழுந்துட்டா, பாட்டு போட்டு முடிச்சுட்டாங்க. எங்களுக்கு இது புதுசு. எங்க ஊர் அம்மன் கோயில்ல பதினெட்டு நாளு கதை படிப்பாங்க. படிக்கறவர் ஒரு நாளும் கெட்ட எடத்துல ஏட்டை மூட மாட்டார். பொழுது போனாலும் சரி, தொண்டை கட்டினாலும் சரி, நல்ல சேதி ஒண்ணு வர வரைக்கும் படிச்சுட்டுத்தான் எழுந்திருப்பார். கெட்ட எடத்துல நிறுத்தினா கேட்டவங்க வூட்டுக்கு அது கூடவே வரும்னு பயம். மெட்ராஸ்காரங்களுக்கு இதெல்லாம் தெரியல போல.

மூணாவது வாரம் சொல்தாக்காதான் வழி கண்டுபிடிச்சாங்க. பொட்டியை நிறுத்திட்டு எங்களைப் பார்த்து, "இப்படியே எழுந்து போனா ஒருத்தி வூட்டுலயும் அடுப்பு எரியாது. யாராவது அவங்களை எறக்குங்கடி"ன்னாங்க. அன்னிலேர்ந்து வாரம் ஒருத்தி மொறை வெச்சு எறக்குவோம். அதாவது, ரேடியோக்காரன் வுட்ட எடத்துலேர்ந்து கதையைத் தொட்டு, மூணு பேரையும் பத்திரமா பூமிக்குக் கொண்டாந்து சேக்கணும். ஒருத்தி பாகூர் ஏரியில எறக்கினா, அப்போ தண்ணி வத்திப்போன மாசம்னு மத்தவங்க சண்டைக்குப் போனாங்க. ஒருத்தி வில்லியனூர்ல தேர் அன்னிக்கி எறக்கி, மூணு பேருக்கும் நீர்மோர் குடுத்தா. இன்னொருத்தி கடலூர் பக்கம் எறக்கிட்டா. அங்க பிரெஞ்சு எல்லையில நிக்கறவன் வண்டியைச் சோதனை போட்டு, "செவ்வாய்லேர்ந்து இன்னா கடத்தறீங்க?"ன்னு கேக்கறான். எறக்கி முடிச்சதும் சூடம் கொளுத்திட்டு எழுந்து போவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்தா மூணு பேரும் மறுபடியும் செவ்வாய்லயே கெடப்பாங்க. இருக்கட்டும், ஆறு நாளு நாங்க நிம்மதியா இருந்தோம் இல்ல?

என் மாமியாருக்கு இது எதுவும் புடிக்கல. "பொட்டிக்குள்ள பேசறவன் வந்து நாத்து நடுவானா?"ன்னுவாங்க. நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம், "போ, போ, செவ்வாய்ல சம்பந்தி வூட்டுல வுருந்து வெச்சிருக்காங்க, நல்லா சாப்ட்டு வா"ன்னுவாங்க. நாக்கு அப்படி. நானும் லேசுப்பட்டவ இல்ல. "உங்களுக்கும் ஒரு இலை போடச் சொல்றேன் அத்த"ன்னுட்டுப் போவேன்.

ஆனா அவங்க கிண்டலுக்குப் பின்னால ஒரு பயம் இருந்துது, எனக்கும் இருந்துது. அப்போ நான் மாசமா இருந்தேன். அது ரெண்டாவது. மொதல் புள்ள எங்க அம்மா வூட்டுல பொறந்துது. பொறந்துது, அழவே இல்ல. நான் காதைத் தீட்டிக்கினு படுத்திருக்கேன், எல்லாரும் சும்மா நிக்கறாங்க, ஒரு சத்தமும் வரல. அந்த அமைதியைப் பத்தி இதுக்கு மேல நான் எழுத மாட்டேன். ரெண்டாவது தங்கினதும் என் மாமியார், "இந்தத் தடவை அனுப்பமாட்டேன், என் கண்ணு எதுருலதான் நடக்கணும்"னு எங்க அம்மாகிட்ட கண்டிச்சு சொல்லிட்டாங்க.

வயித்துக்குள்ள இருந்து பாதிக் கதையைக் கேட்டுட்டு, மீதி பாதி தெரியாததால உயிரை வுட்ட புள்ள ஒருத்தன் கதை எங்க கோயில்ல வருஷா வருஷம் படிப்பாங்க. அதைச் சொல்லித்தான் என் மாமியார் ஒரு நாளு என்னைத் தடுத்தாங்க. "நீ பாட்டுக்கு பாதிக் கதை கேட்டுட்டு வர. உள்ள இருக்கறது அதை நெனைச்சுக்கினே இருக்கும்டி. வேணாம், சொன்னா கேளு."

அவங்க சொல்லிட்டாங்க, அவ்ளோதான், என் மனசுல அது முள்ளு மாதிரி தைச்சிக்கிச்சு. ஆனா பாருங்க, நான் எடுத்துக்கிட்டது வேற மாதிரி. கேக்கக் கூடாதுன்னு எடுத்துக்கல. கேக்க ஆரம்பிச்சுட்டேன், இனிமே முடிவு வரைக்கும் கேட்டே ஆவணும்னு எடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு பூமியில காலை வெச்சாத்தான் என் புள்ளை நல்லபடியா வெளிய வரும். இது பைத்தியக்காரத்தனம்னு இப்போ சொல்றேன். அப்போ யாராவது சொல்லியிருந்தா அவங்க முடியைப் புடிச்சிருப்பேன்.

பதிமூணு வாரம்னு நாடகத்துக்குக் கணக்கு. எனக்குப் பிரசவத்துக்குக் குறிச்ச நாளு அந்தப் பதிமூணாவது வாரம் முடிஞ்சு பத்து நாளு கழிச்சு. பரவாயில்ல, முடிவைக் கேட்டுட்டுப் படுத்துக்கலாம்னு இருந்தேன். பன்னெண்டாவது வாரம் வண்டி திரும்பிக் கெளம்ப நிக்குது, தொறந்த கதவு மூடாம வெளிப்பக்கமா மாட்டிக்கிச்சு, அதை யாராவது வெளியேருந்து தள்ளி வுடணும். தங்கச்சி எறங்கறா. வேற யாரு எறங்குவா? அதோட பாட்டு போட்டுட்டாங்க. அன்னிக்கி எறக்கற மொறை என்னுது. நான் அழுதுக்கினே அவளை எங்க கரும்புத் தோட்டத்துல எறக்கினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம், சோத்துப் பானையை வடிச்சு நிமிர்த்தும்போது எனக்கு இடுப்பு வலி புடிச்சிக்கிச்சு. பத்து நாளு முன்னாடியே. எங்க வூட்டுக்காரர் ஓடிப்போயி மருத்துவச்சியைக் கூட்டியாந்தாரு. மூணு மணி ஆச்சு, நாலு மணி ஆச்சு, வலி வருது, போவுது, ஒண்ணும் நகரல. மருத்துவச்சி என் வயித்தைத் தடவிப் பார்த்துட்டு, "ஏம்மா இப்படி இறுக்கிப் புடிச்சிக்கினு கெடக்கற? தளர்த்திக் குடு, வுடு"ன்னாங்க. நான் எங்க வுடறது? என் கண்ணெல்லாம் சுவத்து நெழலு மேல இருந்துது. நெழலு கதவைத் தொட்டா அஞ்சு மணி.

"அத்த, நாடகம் ஆரம்பிச்சிடும்"னேன்.

"உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"ன்னாங்க மாமியார்.

"அவ வந்து சேந்தாளான்னு தெரியாம நான் பெத்துக்க மாட்டேன் அத்த. என்னால முடியாது. பாதிக் கதையோட இந்தப் புள்ளையை வெளிய வுட மாட்டேன்."

சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன். வலியில அழல, பயத்துல அழுதேன். மருத்துவச்சி என் மாமியாரைப் பார்த்து, "யாராவது போயி அந்தக் கண்ட்ராவியைக் கேட்டுட்டு வாங்கம்மா. இவ மனசு ஆறினாத்தான் எனக்கு வேலை நடக்கும்"னாங்க. வேற யாரு இருக்காங்க போறதுக்கு? கூட்டத்து ஆளுங்க எல்லாம் சொல்தா வூட்டுல உக்காந்தாச்சு. எங்க வூட்டுக்காரரை அனுப்பினா அவர் பாதியில எழுந்து வந்து தப்புத் தப்பா சொல்லுவார். என் மாமியார் முந்தானையை இழுத்துச் சொருகிக்கினு வெளிய போனாங்க. பதிமூணு வாரத்துல அந்த வூட்டு வாசப்படியை மிதிக்காதவங்க.

அந்த அரை மணி நேரம் எப்படிப் போச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. வெளிச்சம் மங்கி, மருத்துவச்சி வெளக்கு ஏத்தினாங்க. தெருவுல காலடிச் சத்தம் கேட்டுது. வேகமா வரல, மெதுவா வந்துது. வாசல்ல நின்னுது. நான் மூச்சைப் புடிச்சிக்கிட்டேன்.

கதவுல ஒரு தட்டு. ரெண்டாவது தட்டு. அப்புறம் மூணாவது.

"வந்துட்டாங்கடி!"ன்னு என் மாமியார் வெளியேருந்தே குரல் குடுத்தாங்க. "மூணு பேரும் வந்துட்டாங்க!"

"தங்கச்சி?"

"அவதான் மொதல்ல எறங்கினா. எறங்கினதும் ரசஞ்சோறு கேட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்த வலியில சிரிச்சேன். உடம்புல எங்கயோ போட்டிருந்த முடிச்சு அவுந்துடுச்சு. மருத்துவச்சி "ஆங், இப்போ, இப்போ"ன்னாங்க. கொஞ்ச நேரத்துல புள்ள வெளிய வந்துடுச்சு.

வந்துது, சத்தம் இல்ல.

ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணற நேரம்தான். எனக்கு அது போன தடவை மாதிரியே இருந்துது. மருத்துவச்சி காலைப் புடிச்சுத் தலைகீழா தூக்கி முதுகுல ஒண்ணு வெச்சாங்க. அப்புறம் அழுதான் பாருங்க, எங்க தெருவுல ஒரு நாயி பாக்கியில்லாம கொலைச்சுது. நான் "அப்பாடா"ன்னேன். வெளியேருந்து மாமியார் குரல்லயும் அதே "அப்பாடா" கேட்டுது.

மறுநாள்லேர்ந்து கூட்டத்துப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா புள்ளையைப் பாக்க வந்தாங்க. நான் எல்லார்கிட்டயும் கடைசி வாரக் கதையைக் கேட்டேன். எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தி கடல்ல எறங்கினாங்கன்னா, படகு போயி கூட்டியாந்துதுன்னா. இன்னொருத்தி, அண்ணன்காரன் தங்கச்சி கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டான்னா. அதைக் கேட்டு எனக்கு வயிறு குளுந்துது. ரசஞ்சோறுன்னு நான் சொன்னா ஒருத்தி ஆமான்னா, ஒருத்தி கூட சுட்ட அப்பளமும் கேட்டான்னா. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களேன்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும். எந்த நாடகத்துல ஆகாசத்துலேர்ந்து எறங்கின பொண்ணு மொத வார்த்தையா ரசஞ்சோறு கேப்பா?

மூணு வருஷம் அப்படியே போச்சு. கடலூர்ல என் தம்பிக்குக் கல்யாணம். பொண்ணு வூட்டு அத்தை ஒருத்தவங்க, என் வயசுக்காரங்க, வெத்தலைத் தட்டை வெச்சிக்கினு என் பக்கத்துல உக்காந்தாங்க. பேச்சு எங்கெங்கயோ போயி ரேடியோவுக்கு வந்துது. நான் பெருமையா, "நாங்க அந்தச் செவ்வாய் நாடகம் ஒரு வாரம் வுடாம கேட்டோம்"னேன். அவங்க முகம் மாறிடுச்சு.

"அதை ஏன் ஞாபகப்படுத்தறீங்க? அன்னிக்கி எங்க வூட்டுல யாருக்கும் சோறு எறங்கல. கதவைத் தள்ளி வுட்டுட்டு அந்தப் பொண்ணு வெளிய மாட்டிக்கிட்டா பாருங்க, ரெண்டு தட்டு தட்டினா, மூணாவது தட்டு வரவே இல்ல. அண்ணன் கத்தறான், வண்டி கெளம்பிடுச்சு. அதோட முடிச்சுட்டானுங்க பாவிங்க."

என் மடியில என் புள்ள அல்வாவைக் கையெல்லாம் அப்பிக்கினு உக்காந்திருந்தான். நான் அவன் கையைத் தொடைச்சேன்.

வண்டியில திரும்பி வர வழியெல்லாம் எனக்குக் கோவம். மூணு வருஷம் என்னைப் பைத்தியக்காரியா வெச்சிருந்தாங்களே, அத்தனை பேரும்! வண்டியை வுட்டு எறங்கினதும் நேரா சொல்தா வூட்டுக்குத்தான் போனேன். சொல்தாக்கா என் மூஞ்சியைப் பார்த்ததும் புரிஞ்சிக்கிட்டாங்க.

"தெரிஞ்சுபோச்சா?"ன்னாங்க. "உக்காரு. என்னைத் திட்டாத, உன் மாமியாரைக் கேளு. அன்னிக்கி மூணாவது தட்டு வரலன்னதும் நாங்க எல்லாரும் தலையில அடிச்சிக்கினு அழறோம். கடைசியா வந்து வாசப்படியில நின்னுக்கினு கேட்ட உன் மாமியார் மட்டும் அழல. எழுந்து ஓடப் பார்த்தவளுங்களை ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சாங்க. 'ஒருத்தியும் இந்தச் சேதியோட என் வூட்டுப் பக்கம் வரக் கூடாது. நீங்க வாரா வாரம் எறக்கறீங்களே, இன்னிக்கி மொறை என்னுது. நான் எறக்கறேன்'னாங்க. சூடத்தைக் கொளுத்தச் சொல்லி எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாங்க."

அப்போ அவங்களுக்கு எறக்கற வழக்கம் தெரிஞ்சிருக்கு. வாரா வாரம் நான் வந்து வூட்டுக்காரர்கிட்ட சொன்னதையெல்லாம், மூஞ்சியைத் திருப்பிக்கினு, காதுல வாங்கிக்கினே இருந்திருக்காங்க. எனக்குக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. தெருவுல நடந்து வரும்போது அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துது. பெரிய ஆபத்து ஒண்ணு என் தலைக்கு மேலயே போயிருக்கு, எனக்குத் தெரியாமலே போயிருக்கு. நல்லவேளை, நல்லவேளைன்னு சொல்லிக்கினே வந்தேன்.

மாமியார் கொல்லையில உக்காந்து வெரால் மீனை உப்புப் போட்டு உரசிக்கினு இருந்தாங்க. நான் எதுத்தாப்புல உக்காந்தேன்.

"மூணாவது தட்டு வரலியாமே அத்த?"

அவங்க மீனைத் திருப்பிப் போட்டு உரசினாங்க. "யாரு சொன்னா?"

"கடலூர்ல சொன்னாங்க. நீங்க எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்களே."

"இன்னா பொய்யி? மூணு தட்டு தட்டணும். அவ ரெண்டு தட்டினா. பாக்கி ஒண்ணை நான் வந்து நம்ம கதவுல தட்டினேன். இதுல இன்னா பொய்யி?"

நான் சின்னப் புள்ள மாதிரி கேட்டேன். "அவ நெசமாவே செத்துட்டாளா அத்த?"

மாமியார் மீனை வுட்டுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. அவங்களுக்குக் கோவமே வந்துடுச்சு.

"யாருடி கண்ணால பார்த்தா? நீ பார்த்தியா, அந்தக் கடலூர்க்காரி பார்த்தாளா? சத்தம் வரல, அவ்ளோதானே? சத்தம் வரலன்னா உடனே இல்லன்னு ஆயிடுமா?" கொல்லையில என் புள்ள கோழியைத் தொரத்திக்கினு கத்தின கத்தலுல அவங்க பேச்சே சரியா கேக்கல. அவங்க மீன் கையாலயே அவனைக் காட்டினாங்க. "இவனுந்தான் சத்தம் போடாம வந்தான். இல்லன்னு வுட்டுட்டோமா?"